வந்த நேரம், போன நேரம்

‘சாட்சியின் பெயரும் கையொப்பமும்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் அமிர்தலிங்கத்தின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊராட்சி: தென்னவராயநல்லூர். பதவி: எழுத்தர், பகுதி நேரம். மாதச் சம்பளம்: அறுபது ரூபாய். நிர்ணயிக்கப்பட்ட வேலை நேரம்: காலை பத்து முதல் ஒரு மணி வரை. அடுத்த கேள்வி, ‘உண்மையில் வேலை செய்யும் நேரம்?’ இதைப் படித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷ சர்வீசில் அவரிடம் இதைக் கேட்டது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

‘ஊராட்சி எழுத்தர் மற்றும் இதரப் பணியாளர்களின் ஊதியம், வேலை நேரம் ஆகியவற்றை நியாயமாக நிர்ணயிப்பதற்கான விசாரணைக் குழு’ என்று மேலே நீளமாக அச்சடித்திருந்தது. அமிர்தலிங்கம் ‘எழுத்தர்’ வரைக்கும் படித்தார். அதற்கு மேல் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

வயல் வேலைக்காரர்களுக்குக் கூலிச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஊரில் நடந்த சண்டைகளில், மிராசுதாருக்கும் சங்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியவர் அமிர்தலிங்கம்தான். இத்தனை மணிக்கு வயலில் இறங்கினால் இத்தனை மணிக்குக் கரையேற வேண்டும், கூலி இத்தனை படி நெல் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ள அவருக்கு இப்போதுதான் வாய்ப்பு வந்திருந்தது.

அந்த வாய்ப்பிலும் ஒரு நிபந்தனை இருந்தது. பதினைந்து நாள் தொடர்ந்து, வந்த நேரமும் போன நேரமும் எழுத வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்த ஒருவர் தினமும் சாட்சி போட வேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. எழுதும்போது தவறினால் என்று மூன்று படிவங்கள் அனுப்பியிருந்தார்கள்.

“இதுல ஒண்ணும் நடக்கலேன்னா சித்திரையோட சரி” என்று மனைவி மங்களாம்பிகை கெடு வைத்துவிட்டாள். “எங்க அண்ணன் மில்லுல நூத்திப்பத்து ரூவா தர்றேங்குறாரு. மரியாதையா அங்க போயி உக்காருங்க.”

முத்துப்பேட்டையில் இருந்த அந்த அரிசி மில்லில் நூற்றுப்பத்து ரூபாய் சம்பளம் இருந்தது, மின்விசிறி இருந்தது, மச்சான் தங்கையனும் இருந்தார். முதல் இரண்டையும் அமிர்தலிங்கம் ஏற்றுக்கொள்ளத் தயார்.

“அங்க என்னை யாரு ‘கிளார்க்கய்யா’ன்னு கூப்பிடுவா?” என்றார்.

“இங்க கூப்பிடுறவன் யாராச்சும் ஒரு படி அரிசி வாங்கித் தர்றானா?”

யாரும் தந்ததில்லைதான். ஆனால் வீட்டு வரி ரசீதிலிருந்து சிங்கப்பூர்க் கடிதம் வரைக்கும் ஊரில் எந்தக் காகிதம் என்றாலும் தன் மேஜைக்கு வருவது அவருக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு மச்சான் கண்ணெதிரே மூட்டை எண்ண அவருக்கு மனமில்லை.

முதலில் எதிர் டீக்கடை மீரா உசேனைப் பிடித்தார். ஆபீஸ் வாசல் கடையிலிருந்து தெளிவாகத் தெரியும். படித்தவர், நாணயமானவர்.

“கையெழுத்துதானே? போட்டாப் போச்சு” என்று மீரா உசேன் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை திருப்பிக் கொடுத்தபோது, அழகான எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தார்.

‘காலை எட்டு மணிக்கு வந்ததைப் பார்த்தேன். போனதைப் பார்க்கவில்லை. இடையில் ஐந்து முறை டீ குடிக்க வந்ததையும் பார்த்தேன்.’

“என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீங்க?”

“அந்தித் தொழுகைக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிடுறேன். நீங்க போறதை எங்கேருந்து பாக்குறது? பாக்காததைப் பாத்தேன்னு எழுதினா நாளைக்கு அல்லாகிட்ட யாரு பதில் சொல்றது?”

“சரி, அந்த அஞ்சு டீயை எதுக்கு எழுதினீங்க?”

“அதுதான் பாத்ததாச்சே!”

முதல் படிவம் போயிற்று.

அடுத்து இளையபெருமாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். காலையில் மனுவோடு வருவார், சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ கேட்க வருவார். இரண்டு முனையும் சரியாக அகப்பட்ட ஆள்.

“உழைக்கிறவன் யாராயிருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன் தோழர்” என்றார் இளையபெருமாள். இரண்டு நாள் ஒழுங்காகவும் போட்டார். மூன்றாம் நாள் அவருக்கு அக்கறை பொங்கிவிட்டது. படிவத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்: ‘இவர் மாலை மூன்று முதல் ஐந்து வரை ஊராட்சித் தலைவர் ரெங்கசாமியின் களத்தில் நெல் மூட்டை எண்ணுகிறார். இது ஊராட்சி வேலையா என்று குழு விசாரிக்க வேண்டும்.’

“ஐயோ, இதை யாரு எழுதச் சொன்னா?”

“உங்களுக்காகத்தான் எழுதினேன். ‘சுரண்டல்’னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. சேத்துரட்டுமா?”

அவர் சேர்ப்பதற்குள் தலைவர் ரெங்கசாமியே வந்துவிட்டார். எண்பது வேலி மிராசு குறைந்து குறைந்து இருபதுக்கு வந்த எரிச்சலில் இருந்தவர். மேஜைமேல் கிடந்ததைப் படித்தார். மடித்தார். நாலாகக் கிழித்தார்.

“நீ என் களத்துக்கு வந்தது பஞ்சாயத்து வேலை இல்லைன்னு ஊருக்குச் சொல்றியா? சரிய்யா. இனிமே உனக்கு மூணு மணி நேரம்தான் வேலை. பத்துக்கு வா, ஒரு மணிக்கு நடையைக் கட்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் எழுதினாலும் சாட்சியைக் கூப்பிட்டு நானே விசாரிப்பேன்.”

அமிர்தலிங்கம் அன்று ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தார். ரசத்துக்கு வருவதற்குள் தலைவர் வீட்டு ஆள் வந்து நின்றான். “ஐயா கூப்பிடுறாங்க. குளத்து மீன் ஏலத்துக்கு நோட்டீசு எழுதணுமாம். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வேற வரணுமாம்.”

இப்போது கையில் ஒரே ஒரு படிவம். தேவையான சாட்சி, அவர் வருவதற்கு முன்னால் இருக்க வேண்டும், போன பிறகும் இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, கேட்காத உண்மையையும் எழுதக் கூடாது. தலைவர் கண்ணிலும் உறுத்தக் கூடாது. இப்படி ஒருவர் தென்னவராயநல்லூரில் எங்கே கிடைப்பார் என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“காலைத் தூக்குங்கய்யா” என்றது ஒரு குரல்.

காத்தாயி மேஜைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஊராட்சியின் துப்புரவுப் பணியாளர், அதுவும் பகுதி நேரம்தான், மாதம் பதினெட்டு ரூபாய். ஆபீஸ் சாவி அவள் இடுப்பில் இருக்கும். திறப்பது, பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, சாயங்காலம் தெருவிளக்கு ஸ்விட்சைப் போடுவது, ரேடியோ முடிந்ததும் பெட்டியைப் பூட்டிக் கதவையும் பூட்டுவது எல்லாம் அவள்தான்.

அமிர்தலிங்கம் காலைத் தூக்கினார். தூக்கிய காலை இறக்க மறந்துவிட்டார்.

“காத்தாயி, நான் காலையில எத்தனை மணிக்கு வர்றேன்னு உனக்குத் தெரியுமா?”

“எட்டுக்கு வர்றீங்க. திங்கக்கெழமை மட்டும் எட்டே காலு.”

“போறது?”

“ரேடியோ நின்னதும் போறீங்க. நீங்க செருப்பு மாட்டுனப்பறந்தானே நான் பூட்டுறேன்.”

அவருக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது. “நீ எனக்கு ஒரு சாட்சி வைக்கணும். தினமும் ரெண்டு தடவை. நான் வந்தப்ப ஒண்ணு, போறப்ப ஒண்ணு. பதினஞ்சு நாளைக்கு.”

“என்ன காயிதங்கய்யா?”

“அது ஒரு கமிட்டி காயிதம். உனக்குச் சொன்னாப் புரியாது.”

மறுநாள் காலை மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். காத்தாயி மைப்பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

விவரம் தெரிந்த எந்தக் கிளார்க்கும் ஒரு கைரேகையை வெறுமனே விடமாட்டார். அதற்குக் கீழே ஒருவர் சாட்சி எழுதியாக வேண்டும். அதிலும் நெல் தகராறு முற்றிய வருஷங்களில், ‘இது என் விரலே இல்லை’, ‘நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை’ என்று இரண்டு தரப்பும் மாறி மாறிச் சத்தியம் செய்ததால், ரேகை வைத்த மணியையும் சேர்த்து எழுதுவது அமிர்தலிங்கத்துக்குப் பழக்கமாகிவிட்டது. கை தானாகவே எழுதியது: ‘இது காத்தாயியின் இடது பெருவிரல் ரேகை. அலுவலகத்தில் என் முன்னிலையில் வைக்கப்பட்டது. காலை மணி 8.00. அமிர்தலிங்கம், எழுத்தர்.’ அதன்மேல் வட்ட முத்திரையை எடுத்து ஒரு குத்து குத்தினார்.

காத்தாயி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மை காயட்டும், தொடாதே” என்றார் அமிர்தலிங்கம்.

சாயங்காலம் அதேபோல இன்னொன்று. இரவு 7.30. முத்திரை.

நாலாம் நாள் அவசரத்தில் முத்திரையைக் குத்திவிட்டு எழுந்தார்.

“மணி போடலீங்களேய்யா” என்றாள் காத்தாயி.

“அட, ஆமா!” என்று போட்டார். அவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய், “நீதான் என்னை மில்லுக்குத் தள்ளுறே. அந்தக் காத்தாயிக்கு இருக்கிற அக்கறை உனக்கு இருக்கா பாரு” என்று மனைவியிடம் சொல்லி, அன்று குழம்பில்லாமல் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் தலைவர் வந்தார். படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார். இதுவும் நாலாகப் போகும் என்றே அமிர்தலிங்கம் நினைத்தார். தலைவரோ சிரித்துவிட்டார்.

“காத்தாயியா சாட்சி? போய்யா! அது கைநாட்டு. என்ன எழுதியிருக்குன்னே அதுக்குத் தெரியாது. இதைக் கமிட்டியில காட்டுனா சிரிப்பாங்க. நல்லா அனுப்பு” என்று போட்டுவிட்டுப் போனார். காத்தாயி ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தொல்லை தீர்ந்ததும் அமிர்தலிங்கத்துக்கு ஆசை பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு வந்தால் நல்லது என்றால், ஏழுக்கு வந்தால் இன்னும் நல்லதுதானே? ஏழுக்கு வந்தார். காத்தாயி பாதி வாசல் பெருக்கியிருந்தாள். ஆறரைக்கு வந்தார். குடத்தில் தண்ணீர் இருந்தது. ஒருநாள் வாய்க்கால் மேட்டில் பனி விலகுவதற்கு முன்னால் ஆறு மணிக்கே வந்து நின்றார். காத்தாயி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்கய்யா, தூக்கம் வரலீங்களா?”

“ஆபீஸ் வேலை காத்தாயி. தலைக்கு மேல கெடக்கு.”

சாயங்காலமும் அப்படித்தான். ரேடியோ நின்று எல்லோரும் கலைந்த பிறகும் பழைய தீர்மான நோட்டைப் புரட்டிக்கொண்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். காத்தாயி சாவியோடு நிலைப்படியில் காத்திருந்தாள்.

“நீ வேணா போயேன்.”

“நீங்க போகாம எப்படிங்கய்யா பூட்டுறது? விரல் வேற வைக்கணுமே.”

பதினைந்து நாளும் முடிந்தது. முப்பது ரேகை, முப்பது சாட்சி, முப்பது முத்திரை. அமிர்தலிங்கம் அந்தப் படிவத்தை மங்களாம்பிகையிடம் காட்டினார். “பாத்துக்க, தினமும் பதினோரு மணி நேரம், பதினாலு மணி நேரம். இதைப் பாத்தப்பறமும் கமிட்டி முழுநேரம்னு போடலேன்னா, நானே மூட்டை கட்டிக்கிட்டு உங்கண்ணன் மில்லுக்குப் போறேன்.”

பங்குனி பிறந்ததும் குழுவின் அதிகாரி ஜெக்கரியா ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர். தேங்காய்த் தண்ணீர்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

“இந்த ரேகை யாருது?”

“எங்க துப்புரவுப் பணியாளர் காத்தாயி சார்.”

“உங்க நேரத்துக்கு அவங்க சாட்சி?”

“ஆமா சார்.”

“அவங்க ரேகைக்கு யார் சாட்சி?”

“நான்தான் சார்!” என்றார் அமிர்தலிங்கம் பெருமையாக. “ஒண்ணுகூட விடலை.”

“உங்களுக்கு அவங்க. அவங்களுக்கு?”

“நான் சார்.”

இரண்டாம் முறை சொன்னபோதுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவர் காதில் விழுந்தது.

“ஆக, உங்களுக்கு நீங்களே சாட்சி. அதை ரொம்ப அழகான கையெழுத்துல முப்பது தடவை எழுதியிருக்கீங்க” என்றார் ஜெக்கரியா.

“சார், நான் சத்தியமா அத்தனை மணி நேரமும் இங்கதான் இருந்தேன்.”

“எனக்குத் தெரியுது. ஆனா இதை நான் கமிட்டியில வச்சா முதல் ஆளே தூக்கிப் போட்டுருவாரு.” அவர் குரலில் கேலி போய்விட்டது. பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இன்னொரு பதினஞ்சு நாள் எழுதி சித்திரைக் கடைசிக்குள்ள அனுப்புங்க. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச சாட்சியா பாருங்க.”

கிளம்பப் போனவர் வாசலில் நின்றார். காத்தாயி ஜீப் வந்து மிதித்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க காலையில எத்தனை மணிக்கு வருவீங்க?”

“ஆறுக்குங்க.”

“வீட்டுக்குப் போறது?”

“அது கிளார்க்கய்யா செருப்பைப் பொறுத்துதுங்க.”

ஜெக்கரியா கெட்டுப்போன அந்தப் படிவத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மனிதர் இரக்கப்பட்டு நமக்காகத்தான் எடுத்துப் போகிறார் என்று அமிர்தலிங்கம் நினைத்துக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. சாட்சி பிறக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் நாலு மணி பஸ்ஸில் மன்னார்குடிக்குப் போய்விடுகிறார். தபால்காரர் பதினொரு மணிக்கு வந்து பத்து நிமிஷத்தில் போகிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்பதில்லை, ஆறு மணிக்கு நிற்கிறவளுக்கு எழுதத் தெரியாது. நாளைக் காலை ஆரம்பித்தால்தான் கடைசித் தேதிக்குள் பதினைந்து நாள் கிடைக்கும் என்ற கட்டம் வந்துவிட்டது. மங்களாம்பிகை டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் குழுவின் பழுப்பு உறை வந்தது. அமிர்தலிங்கம் பிரித்தார். உள்ளே இருந்தது அவர் பெயர் இல்லை.

‘தென்னவராயநல்லூர் ஊராட்சித் துப்புரவுப் பணியாளர் திருமதி காத்தாயி, பதினைந்து நாட்களிலும் நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாமல் அலுவலகத்தில் பணியில் இருந்தது, பொறுப்புள்ள ஊராட்சி எழுத்தர் ஒருவரால் மணி குறித்து, முத்திரையிட்டு, முப்பது முறை சான்றளிக்கப்பட்டிருப்பதால், அவரை முழுநேரப் பணியாளராக நிர்ணயித்து, மாத ஊதியம் தொண்ணூறு ரூபாய், வேலை நேரம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு என உத்தரவிடப்படுகிறது.’

இரண்டு முறை படித்தார். முதல் முறை படித்தபோது வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்? தன்னைவிட முப்பது ரூபாய் அதிகம்! இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. மாதாமாதம் அந்தப் பதினெட்டு ரூபாய்க்கு வவுச்சர் எழுதியது அவர் கைதான். ஒருமுறைகூட அந்தக் கை கூசியதில்லை. எட்டு மணி வரை அவளை நிலைப்படியில் உட்கார வைத்துவிட்டுத் தனக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

காத்தாயியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். அவள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து, முழுதும் நின்று கேட்டாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, ஆச்சரியம் மட்டும் தெரியவில்லை.

“அப்ப நாளையிலேருந்து எட்டுக்கு வந்தாப் போதுங்களாய்யா?”

“போதும். அஞ்சுக்குப் போயிடு. சாவியை நான் வச்சுக்கிறேன்” என்றார் அமிர்தலிங்கம். “நல்லா இரு. நான் மில்லுக்குப் போனாலும் நீயாவது இங்க நல்லா இரு. உத்தரவு கிடைச்சதுன்னு இதுல வை.”

பழக்க தோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

காத்தாயி அதை மூடி ஓரமாக வைத்தாள். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தாள். நிதானமாக ‘மா. காத்தாயி’ என்று எழுதினாள். கீழே தேதி போட்டாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து மணியும் போட்டாள்.

பக்கத்தில் அவருடைய புதுப் படிவம் எழுதப்படாமல் கிடந்தது. அமிர்தலிங்கம் அதைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உனக்கு எழுதத் தெரியுமா?”

“சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்கய்யா. ரெண்டு வருஷமாச்சு.”

“அடிப்பாவி! அப்ப அன்னிக்கு எதுக்குக் கைநாட்டு வச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் காயிதமும் தேறியிருக்குமே!”

காத்தாயி பேனாவை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

“மொத நாளு நீங்க கேக்காமலே மைப்பெட்டியை நீட்டினீங்கய்யா. விரலுக்குக் கீழ மணி போட்டு, சாட்சி எழுதி, முத்திரை குத்தினீங்களே, அதைப் படிச்சேன், மேல ‘இதரப் பணியாளர்’னு அச்சடிச்சிருந்ததையும் படிச்சேன். பாக்கி பதினாலு நாளும் நானாத்தான் விரலை நீட்டினேன்.”